ஒன்றரைப் போத்தல் ஒயில்

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வலது காலின் பெருவிரல் இடது கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தது. நுளம்புக்கடி. குரல் உள்ளேயிருந்து வந்தது.

“அண்ணே, அந்தத் தாச்சிய இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க. மொதல்ல எகிறித்தான் விழும்.”

தள்ளினேன். பலகாரம் சுட்டுக் கழித்த பழைய தாச்சி. அடிநட் கழன்று அதற்குள் விழுந்தது. பின்னாலேயே ஒயில் வந்தது. கறுப்பாக, சூடாக, விரல் தடிப்பில். காரைப் பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிய பிறகு கழற்றினால்தான் அழுக்கும் சேர்ந்து இறங்கும் என்பது மாரிமுத்துவின் முறை.

“கை சுடலியா?”

“சுடாம? எஞ்சினுக்குக் காய்ச்சல் வந்தாத்தான் நமக்குப் பொழப்பு.”

சென்ற வாரம் நான் கண்டியில் குடியேறிய கதையைச் சொல்லியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் கண்டி நிருபர். நகரத்துக்கு மேலே ஹந்தானைப் பக்கம் ஏறும் ஒரு பாதையில், சிவஞானம் மாஸ்டர் வீட்டுக் கீழறையில் வாடகைக்கு இருந்தேன். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நகரத்துப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பித்தார். கார் அவருடையது. சின்ன ஜப்பான் கார். செய்தி சேகரிக்கத் தூர இடம் போகவேண்டியிருந்தால் எனக்கும் தருவார்.

மாரிமுத்துவை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தது நான். ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் வேலை பழகி, கல்யாணம் கட்டி மஹய்யாவவில் குடியிருந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். கராஜ் இல்லாத மெக்கானிக். சாவிகளையும் ஸ்பானர்களையும் ஒரு சாக்குப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். மழை மாதங்களில் வேலை இராது.

ஒயில் வடிந்து முடிய அரைமணி நேரம் விட்டார். பிறகு பில்டர். அது எஞ்சினோடு ஒட்டிப்போயிருந்தது. சைக்கிள் டியூப் துண்டொன்றை அதைச் சுற்றிப் போட்டு, முறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருப்பினார். கழன்றதும் முதலில் பார்த்தது அதன் இறப்பர் வளையத்தைத்தான். பழைய வளையம் எஞ்சினிலேயே தங்கிவிட்டால், புதியது அதன்மேல் உட்கார்ந்து, ஒயில் முழுவதும் வழியில் கொட்டிவிடும்.

அது தட்டுப்பாட்டுக் காலம். ஒரு கலன் ஒயிலுக்கு மாஸ்டர் இரண்டு மாதம் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. பில்டரை ஒரு மாணவனின் தகப்பன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். மாஸ்டர் அதை அலுமாரியில், வேட்டிகளுக்கு நடுவில் பூட்டி வைத்திருந்தார். மாரிமுத்து அதைக் கையில் வாங்கி, புது ஒயிலை ஒரு விரலால் தொட்டு வளையத்தைச் சுற்றிப் பூசி, கையாலேயே திருகி இறுக்கினார்.

மாஸ்டரின் மனைவி பாக்கியம் அக்கா தேநீரோடு வந்தார்.

“மாரி, என்ரை தாச்சியைத் திருப்பித் தருவீரோ?”

“தர்றேம்மா. ஆனா இதுல முறுக்கு சுட்டா, சாப்பிட்டவங்க சத்தமில்லாம ஓடுவாங்க.”

அக்கா சிரித்த சிரிப்பில் தேநீர் சாசரில் சிந்தியது. மாரிமுத்து கிளாசைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று தெரிந்தது.

தனியார் பாடசாலையொன்றின் வாகனக் கொட்டகையில் ஒரு மெக்கானிக் வேண்டுமாம். மாதச் சம்பளம், தலைக்கு மேலே கூரை. வியாழக்கிழமை நேர்முகம். நகரத்தில் மதிப்பான ஒருவரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

“எனக்குன்னு கேக்க வேற யாருமில்லீங்கய்யா.”

“அதுக்கென்ன? நாளைக்குப் பின்னேரம் வாரும். எழுதி வைக்கிறன்,” என்றார் மாஸ்டர்.

பந்து நிற்காத ஊர்

இடையில் ஒரு விஷயம். மாஸ்டர் தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்வார்: “எங்கட ஊரிலை மழை பெய்தால், எந்தப் பக்கம் ஓடுறதெண்டு தெரியாமல் தண்ணி யோசிச்சுக்கொண்டு நிக்கும்.” அவ்வளவு மட்டமான நிலம். அவர் கார் ஓட்டப் பழகியது அங்கே. காலையில் பொனற்றைத் திறந்து, ஒயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கும் பழக்கமும் அங்கேயே வந்தது. அங்கே காரை எங்கே நிறுத்தினாலும் அது மட்டமாகத்தான் நிற்கும்.

நான் மலையகத்துப் புசல்லாவைக்காரன். எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் பந்து நிற்காது. கைவிட்டால் தேயிலைக்குள் போய்விடும். ஆகவே நாங்கள் பந்து விளையாடவில்லை, பந்து தேடி விளையாடினோம். பஸ் நின்றால் உதவியாளர் முதலில் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார், பிறகுதான் ஆட்கள் இறங்குவார்கள். கட்டிலின் ஒரு பக்கக் கால்களுக்குச் செங்கல் வைத்த வீடுகள்தான் அதிகம். எனக்கு விவரம் தெரிந்து முதன்முதலாக மட்டமான பெரிய இடத்தைப் பார்த்தது கண்டி ரயில் நிலையத்து மேடையில்.

மட்டத்தில் பிறந்தவருக்குச் சரிவு என்ற நினைப்பே இல்லை. சரிவில் பிறந்தவனுக்கு அது கண்ணில் படுவதில்லை. அந்த வீட்டு முற்றம் கேற்றை நோக்கிக் கூரையைப் போலச் சரிந்து இறங்கியது. நாங்கள் இருவரும் அதில் தினமும் ஏறி இறங்கினோம்.

மூன்று உண்மைகள்

திங்கட்கிழமை காலை. வழக்கமாகக் கீழே வீதியோர மட்டத்தில் நிற்கும் கார், ஒயில் மாற்றிய பிறகு முற்றத்திலேயே, கேற்றைப் பார்த்தபடி, மூக்கைக் கீழே வைத்து நின்றது. எனக்குக் கட்டுகஸ்தோட்டைவரை போகவேண்டியிருந்தது. புது ஒயில் எப்படியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் குச்சியை உருவினேன். துடைத்து, விட்டு, மறுபடி உருவினேன். தேன் நிறத்தில் சுத்தமான ஒயில். ஆனால் குச்சியின் நுனியில்தான். கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே.

இப்போது எனக்கு நினைவுக்கு வந்தவை இவை. முந்தின நாள் வேலை முடிந்ததும் மாரிமுத்து, “ஒரு நிமிசம் கீழ போயிட்டு வந்துர்றேன்,” என்று காரைத் தனியாக எடுத்துப்போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தார். பிறகு, போகும்போது ஒரு போத்தலைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அதையும் என் கண்ணால் பார்த்தேன். இப்போது குச்சி.

மூன்றும் உண்மை. பத்திரிகைக்காரனுக்கு மூன்று உண்மை கிடைத்தால், அவற்றுக்கு நடுவில் ஒரு கோடு போடாமல் இருக்க முடியாது.

மாஸ்டரிடம் சொன்னேன். ஏன் உடனே சொன்னேன் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். மாரிமுத்து மலையகத்து ஆள், என் ஆள், நான் கூட்டிவந்த ஆள். “தன்ர ஆளெண்டு மூடி மறைச்சுப் போட்டான்” என்று மாஸ்டர் ஒருநாள் நினைத்துவிடக்கூடாது. வேறொருவராக இருந்திருந்தால், முதலில் அவரிடமே போய்க் கேட்டிருப்பேன்.

மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தானே பார்த்தார். மிச்ச ஒயில் டின்னைக் கொண்டுவந்து, அளந்து அளந்து ஊற்றினார். மேல்கோட்டைத் தொட ஒன்றரைப் போத்தல் போனது.

“ஒன்றரைப் போத்தல்,” என்றார். கரும்பலகையில் விடை எழுதி அடிக்கோடிடும் குரல். பிறகு சற்று யோசித்தார். “அவன் கொண்டுபோனது ஒரு போத்தலெல்லோ? மற்ற அரைப் போத்தலை எதிலை கொண்டுபோனவன்?”

கணக்கு அந்த இடத்தில் உதைத்தது. நாங்கள் இருவருமே அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

“அப்ப சரிங்க”

பின்னேரம் மாரிமுத்து வந்தார். தலை படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கடிதம் வாங்கத்தானே வந்தார், அதற்கே அந்தச் சட்டை. கையில் ஒரு நீளக் கடித உறை. கடிதம் மடங்கக்கூடாது என்று தானே வாங்கிவந்திருந்தார்.

மாஸ்டர் வாசற்படியில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

“கடிதம் இல்லை. ஏனெண்டு உமக்குத் தெரியும்.”

“தெரியலீங்களே ஐயா.”

“ஒன்றரைப் போத்தல் ஒயில்.”

மாரிமுத்து மாஸ்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் படிக்குக் கீழே குரோட்டன் செடியோரம் நின்றிருந்தேன்.

“கொறஞ்சிருந்துச்சா? நீங்க பாத்தீங்களாண்ணே?”

“பாத்தேன்.”

“குச்சிய நீங்களே உருவிப் பாத்தீங்க?”

“ஆமா. மூணு தடவ.”

“அப்ப சரிங்க,” என்றார். சரிவில் இறங்கிக் காரைக் கடந்து போனார். கேற்றடியில் திரும்பி, காரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். கேற்றைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

சாய்ந்த உள்ளங்கை

திங்களும் செவ்வாயும் கார் ஓடவில்லை; கட்டுகஸ்தோட்டைக்கு நான் பஸ்ஸில்தான் போய்வந்தேன். புதன்கிழமை பாடசாலை விட்டதும் மாஸ்டர் என்னையும் ஏற்றிக்கொண்டு பேராதனைக்குப் போய்த் திரும்பினார். ஏற்றத்தில் பின்னால் நீலப் புகை. எங்களுக்குப் பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்னை அமுக்கி, மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டு முந்திக்கொண்டு போனான். காருக்குள் கருகிய ஒயில் வாடை.

“பில்டரையும் மாத்தேல்லைப் போல,” என்றார் மாஸ்டர். மாற்றியதை நான் பார்த்தேன் என்று சொன்னேன். “பாத்தனீர்தான். ஆனால் என்னத்தைப் பாத்தனீர்?” என்றார். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவருக்கும் அப்போது தெரியாது.

பெற்றோல் செட்டில் நிறுத்தினோம். தரை முழுவதும் சீமெந்து, மேசைபோல மட்டம். அங்கே வேலை செய்த சிங்களவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். பொனற்றைத் திறந்து குச்சியை உருவியவர், அதை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கோ நின்றது.

“மாத்தயா, கூடிட்டுது. நல்லாக் கூடிட்டுது,” என்றார் சிங்களத்தில்.

“இருக்கேலாது,” என்றார் மாஸ்டர். “நேற்றுக் காலமையும் பாத்தனான். கோட்டுக்குச் சரி.” நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

அந்த மனிதர் வாதாடவில்லை. குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையை மட்டமாக நீட்டினார். பிறகு விரல்கள் கீழே போக மெதுவாகச் சாய்த்தார். புருவத்தை மட்டும் உயர்த்தினார். காரை இப்படியா நிறுத்துகிறீர்கள்?

மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பது வருடம் முக்கோணம் படிப்பித்தவர். சாய்ந்த தொட்டிக்குள் ஒயில் முன்பக்கம் ஓடிவிட்டால், பின்பக்கம் இறங்கும் குச்சிக்கு எவ்வளவு எட்டும் என்பதை அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அவருடைய காது மடல் சிவந்தது.

கூடுதல் ஒயிலை அங்கேயே வடித்து அளந்தோம். மேல்கோட்டுக்கு இறங்கியபோது ஒன்றரைப் போத்தல் வெளியே இருந்தது. நாங்கள் ஊற்றியது எவ்வளவோ அவ்வளவு. மாரிமுத்து ஊற்றியது சொட்டுக்கூடக் குறையாமல் உள்ளே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் நேரே மேசைக்குப் போய்க் கடிதம் எழுத உட்கார்ந்தார். நான் பாக்கியம் அக்காவிடம் நடந்ததைச் சொல்லி, அந்தப் போத்தலைப் பற்றிக் கேட்டேன்.

“அந்தப் போத்தல் நான் குடுத்தது. பழைய ஒயிலிலை ஒரு போத்தல் கேட்டவர். வீட்டுக் கூரை மரத்திலை கறையானாம்.”

“ஏனக்கா முந்தியே சொல்லேல்ல?”

“என்னட்டை ஆர் கேட்டது?” என்றார் அக்கா. “நீரும் கேக்கேல்லை, அவரும் கேக்கேல்லை. ஆம்பிளையள் ரெண்டு பேரும் முற்றத்திலை நிண்டு கூட்டிக் கழிச்சீங்கள். இப்ப கடிதத்தைக் கொண்டு ரெண்டு பேருமாப் போங்கோ. தபாலிலை போடுற வேலை இல்லை.”

மஹய்யாவவில்

வீடு ஒரு ஒடுக்கமான சந்துக்குள் இருந்தது. காரை வீதியில் விட்டுவிட்டு நடந்தோம். இரண்டு அறை. கூரை மரங்களில் புதிதாகப் பூசிய கறுப்பு ஒயில் இன்னும் காயாமல் மினுங்கியது. மாரிமுத்துவின் மனைவி ஒரே கதிரையைத் துடைத்து மாஸ்டருக்குப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“மாரிமுத்து, பிழை என்னிலைதான்,” என்றார். “சரிவிலை நிக்கிற காரிலை பாத்திட்டன்.”

“தெரியுங்கய்யா. போறப்பவே கேட்டுப் பக்கத்துல நின்னு பாத்தேன். வண்டி மூக்க கீழ வச்சு நின்னுச்சு. அதுனாலதான் நான் அன்னிக்குக் கீழ ரோட்டு மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டு வந்தேன்.”

“அப்ப ஏன் காணும் திரும்பி வந்து சொல்லேல்லை?”

“களவெடுத்தவன் கத கட்டுறான்னுதானே ஆகியிருக்கும்.” பிறகு, வலிந்து சிரிப்பதுபோல, “கண்டியில கார் வச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியும்னு நெனச்சுட்டேங்க. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“நான் சொன்னதாலதான் இவ்வளவும். தப்பு என்மேல,” என்றேன்.

“நீங்க பாத்தது தப்பில்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்,” என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. அவருடைய மனைவி மட்டும், அடுப்படியிலிருந்து, “ரெண்டு நாளா மனுசன் சோறு திங்கல,” என்றார்.

“நீ சும்மாரு.”

“ஏன் சும்மா இருக்கணும்? கடுதாசி எழுத முடியாட்டி முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். களவாணின்னா சொல்லுவாங்க?”

மாஸ்டர் கடிதத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. மாரிமுத்து அதை வாங்கி, ஒரு கணம் பார்த்து, என்னிடம் தந்தார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மாஸ்டர் மனம்விட்டு எழுதியிருந்தார். திறமையானவர், கடும் உழைப்பாளி, நேரம் தவறாதவர். பிறகு ஒரு முழுப்பந்தி: மிக நேர்மையானவர், பிறர் பொருளை விரலாலும் தொடாதவர், களவு என்ற எண்ணமே இல்லாதவர் என்று நான் உறுதியளிக்கிறேன்.

“ஐயா,” என்றார் மாரிமுத்து. “அந்தப் பந்தி வேணாங்க.”

“ஏன்? அதெல்லாம் உண்மைதானே?”

“உண்மைதாங்க. ஆனா களவெடுக்க மாட்டான்னு இவ்வளவு எழுதியிருந்தா, படிக்கிறவருக்கு மொதல்ல களவுதானே ஞாபகம் வரும்? என்னமோ நடந்திருக்கு, அதான் இப்படி எழுதியிருக்குன்னு நெனப்பாரு.”

மாஸ்டர் கடிதத்தைத் திரும்ப வாங்கினார். தான் எழுதியதைத் தானே இன்னொருவராகப் படித்தார். பிறகு அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, “தாள் இருக்கே?” என்று கேட்டார்.

மனைவி ஒரு அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளைக் கழற்றிக் கொடுத்தார். அடியில் வைத்து எழுத ஒரு பலகையும் வந்தது.

“சொல்லும். என்ன எழுத?”

“ஒயில் மாத்துவேன், பில்டர் மாத்துவேன். பிரேக், கிளச் பாப்பேன். ஐயா வண்டிய மூணு வருசமா நான்தான் பாக்குறேன். அது போதும்.”

மாஸ்டர் அப்படியே எழுதினார். ஐந்து வரி. கீழே கையெழுத்து. கடைசி வரியை மட்டும் தானாகச் சேர்த்து, எழுதுமுன் சத்தமாகச் சொல்லிக் காட்டினார்: என் காரை இனியும் இவரிடம்தான் கொடுப்பேன்.

மாரிமுத்து அதை யோசித்துப் பார்த்தார். “அது இருக்கட்டுங்க,” என்றார்.

மனைவி அந்த நீள உறையைக் கொண்டுவந்தார். கொப்பித் தாள் சிறியது. மடிக்காமலே உள்ளே போனது.

வியாழக்கிழமை அவரோடு நேர்முகத்துக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேராம். கடிதத்தைப் படித்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: இந்த மாஸ்டர் கண்டிப்பான ஆளாமே, அவருடைய காரை மூன்று வருடம் எப்படிச் சமாளித்தாய்? அடுத்த மாதம் முதலாம் திகதி மாரிமுத்து வேலைக்குச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டரின் காரைப் பார்க்க மாரிமுத்து வழக்கம்போல் வந்தார். அக்காவோடு பகிடி விட்டார். என்னைக் கண்டால் சிரிப்பார், புசல்லாவையில் மழையா என்று விசாரிப்பார், தேநீர் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் கண்டியை விட்டுப் போகும்வரை என்னை அவர் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார்.